பியானோவும் வயலினும் மட்டும்: ஜாஸ் ஜோடி வாசிப்பைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஜாஸ் கேட்க ஆசைப்பட்டால், அதிலும் பியானோவும் வயலினும் மட்டும் வாசிக்கிற ஜோடி வாசிப்புதான் வேண்டும் என்றால், சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. நானும் தட்டுத்தடுமாறித்தான் வந்தேன். வயலின் என்றால் கச்சேரியில் கேட்டது, பியானோ என்றால் சினிமாப் பாட்டில் கேட்டது, ஜாஸ் என்றால் ஹோட்டல் லாபியில் மெதுவாக ஓடுவது, இவ்வளவுதான் தெரியும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரலாறு எதுவும் சொல்லப்போவதில்லை. என்ன வாங்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும், எவ்வளவு ஆகும், அதோடு சரி.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாசிப்பில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் என்கிற, கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமும் கிடையாது. தாளத்தைத் தாங்குவது, அடியில் சுருதிக்கு இடம் கொடுப்பது எல்லாமே பெரும்பாலும் பியானோ வாசிப்பவரின் இடது கை வேலை. நம் வீடுகளில், நம் போன்களில் முதலில் காணாமல் போவதும் அந்த இடது கைதான். அது போய்விட்டால் மிச்சம் கேட்பது ஒரு வயலின் சோலோ, பின்னால் யாரோ டிங் டிங் என்று தட்டுகிற மாதிரி. "ஒன்றும் பிடிபடவில்லை" என்று விட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் பாதி இசையைத்தான் கேட்டிருப்பார்கள்.

1. காதில் மாட்டுவதை முதலில் சரிசெய்யுங்கள்

வயலினின் மிகக் கீழான தந்தி 196 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 196 அதிர்வு. பியானோவின் மிகக் கீழான கட்டை 27.5 ஹெர்ட்ஸ். போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் வயலினை ஓரளவு முழுதாகக் கொடுக்க முடியும், பியானோவின் கீழ்ப்பாதியைக் கொடுக்க முடியாது. அதனால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

வாங்க வேண்டியது கம்பி வைத்த, காது முழுவதையும் மூடுகிற சாதாரண ஹெட்போன். 1000 முதல் 2000 ரூபாய்க்குள் போதுமானது கிடைக்கும். காதுக்குள் செருகும் இயர்போன்தான் பிடிக்கும் என்றால் 600, 700 ரூபாயிலேயே நல்லது இருக்கிறது, ரப்பர் முனை காதில் இறுக்கமாக உட்கார வேண்டும், இடைவெளி விட்டால் கீழ்ச் சத்தம் அப்படியே வெளியே போய்விடும். உங்கள் போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் சி-டைப் கனெக்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "ஜாஸ் கேக்கணுமா சார், இதுல பேஸ் சும்மா அதிரும்" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். குத்துப் பாட்டுக்கு அது சரி. பியானோவின் இடது கையை அது ஊதிப் பெருக்கி, ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்காதபடி ஒரே 'தும் தும்' ஆக்கிவிடும். வேண்டாம். ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் ஈக்வலைசரில் பேஸ் பூஸ்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு, இன்னொரு காதை வீட்டில் கூப்பிடுவதற்காகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதும் இதற்கு ஆகாது. சில பதிவுகளில் வயலின் ஒரு பக்கமும் பியானோ இன்னொரு பக்கமுமாக ஒதுங்கியிருக்கும், ஒரு காதை எடுத்தால் ஒரு ஆள் போய்விடுவார். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் ஆள் போகமாட்டார், ஆனால் இருவரும் ஒரே இடத்தில் அடைந்துகொள்வார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துவிட்டு, கிராமபோன் ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றும். அழகுக்கு வாங்குங்கள், இதற்காக வாங்காதீர்கள். அது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுக்கு ஆனது. எல்பி தட்டை அதில் வைத்தால் அந்தக் கனத்த ஊசி தட்டையே உழுதுவிடும்.

2. ஆப், சந்தா, உள்ளே மாற்ற வேண்டியவை

முதல் ஒரு வாரத்துக்குக் காசு கட்ட வேண்டாம். யூடியூபில் கேட்டுப் பாருங்கள், பிடித்தால் சந்தா. மாதத்துக்கு 100 முதல் 300 ரூபாய்க்குள் முடியும், விலை அடிக்கடி மாறுவதால் கட்டுகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தாவுக்கு ஆவணம் எதுவும் வேண்டாம், மின்னஞ்சலும் யூபிஐயும் போதும். ஆனால் இலவச மாதம் என்று சேரும்போதே ஆட்டோபே அனுமதி வாங்கிக்கொள்வார்கள், மாதம் முடிந்ததும் தானாகக் காசு போகும். வேண்டாமென்றால் ஆப்பை நீக்கினால் மட்டும் நிற்காது. ஆப்பின் கணக்குப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குள் போய் அங்கேயும் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

சந்தா கட்டியதும் செட்டிங்ஸில் நாலு இடத்தைத் தொட வேண்டும். ஒலித்தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும், அதை உச்சத்துக்கு ஏற்றுங்கள். கிராஸ்ஃபேடை அணையுங்கள், இல்லாவிட்டால் ஒரு உருப்படி முடிந்து பியானோவின் கடைசி நாதம் அடங்கும் முன்பே அடுத்தது மேலே ஏறி வரும். ஷஃபிள் வேண்டாம். ஆட்டோபிளே கண்டிப்பாக வேண்டாம்: ஆல்பம் முடிந்ததும் 'இது மாதிரி' என்று ஆப் தானாகவே டிரம்ஸ் வைத்த எதையாவது தொடங்கிவிடும், நீங்களும் அதே ஜோடிதான் வாசிக்கிறது என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

டேட்டாக் கணக்கு: 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 144 எம்பி. தினசரி ஒன்றரை ஜிபி பிளானில் தாராளமாக அடங்கும். இழப்பில்லாத தரம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது இரண்டு மூன்று மடங்கு தின்னும். 1500 ரூபாய் ஹெட்போனில் பெரிய வித்தியாசம் தெரியாது, விடுங்கள்.

நம் பழைய வீடுகளின் சுவர் கனத்துக்குள் சிக்னல் நுழையாது. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஆல்பத்தை டவுன்லோட் செய்துகொண்டு உள்ளே போங்கள்.

3. வீட்டில் எங்கே, எந்த நேரத்தில்

ஹெட்போனோடு நிற்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஸ்பீக்கரில் கேட்க நினைப்பவர்கள் கவனிக்கவும், ஏனென்றால் செட்டிநாட்டு வீடு மாதிரி இந்த இசைக்கு ஒத்துவராத வீடு கிடையாது. கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடியாக மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் கூரை. எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். நாகசுரத்துக்கு அது பிரமாதம். பியானோ ஏற்கெனவே பெடலை மிதித்தால் நாதம் தங்கிக்கொண்டே இருக்கிற வாத்தியம், வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், ஸ்பீக்கரை வைத்தால் முதல் சுரத்தின் எதிரொலி அடங்குவதற்குள் நாலாவது சுரம் வந்து மோதும்.

அறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டியதோடு சத்தம் நின்றால் நல்ல அறை. பின்னால் வால் மாதிரி இழுத்தால் ஆகாது. எங்கள் வீட்டில் தேறிய ஒரே இடம் வளவை ஒட்டிய உள் அறை, மெத்தை, தலையணை, பழைய ஜமக்காளம் எல்லாம் அடைந்து கிடக்கிற அறை. அந்தத் துணியெல்லாம் சத்தத்தைக் குடித்துவிடுகிறது. அங்கேயே தரையில் ஒரு ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி வையுங்கள், மூலையில் மட்டும் வைக்காதீர்கள்.

நேரம் என்றால் மின்விசிறிதான் எதிரி. ஓடுகிற விசிறியின் இரைச்சல் பியானோவின் மெல்லிய இடங்களை விழுங்கிவிடும், சித்திரையில் விசிறியை நிறுத்திவிட்டு உட்காரவும் முடியாது. ஆகவே விடியற்காலை, அல்லது இரவு ஒன்பதுக்கு மேல். மார்கழி விடியற்காலையைக் கழித்துக்கொள்ளுங்கள், கோயில் மைக்செட்டோடு போட்டி போட முடியாது. ஆடியில் எந்த நேரமும் கிடையாது.

4. ஆல்பம் தேர்வு: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

'ஜாஸ் வயலின் பியானோ' என்று தேடினால் மூன்று மணி நேரம் ஓடும் மழைச்சத்த, காபிக்கடைத் தொகுப்புகள்தான் முதலில் வரும். வாசித்தது யார் என்று பெயர் போடாத எதையும் தொடாதீர்கள். ஆல்பத்தின் பெயரையும் வாசித்தவர் பெயரையும் ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள்.

அடுத்த பொறி இதைவிட நுட்பமானது. அட்டையில் இரண்டு பேர் பெயர் இருந்தால் இரண்டு பேர்தான் வாசிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. (இனி வரும் ஜோடிகளில் முதல் பெயர் வயலின், இரண்டாவது பெயர் பியானோ.) ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் ஆஸ்கர் பீட்டர்சனும் 1973-இல் பாரிஸில் பதிவு செய்தது அருமையான வாசிப்பு, ஆனால் பேஸும் டிரம்ஸும் சேர்ந்த நால்வர் குழு. கிராப்பெல்லியும் மிஷேல் பெத்ருசியானியும் சேர்ந்த 'ஃப்ளமிங்கோ'வும் நால்வர்தான். இவற்றைப் பிறகு கேளுங்கள். வாசிப்பவர் பட்டியலில் சரியாக இரண்டே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நிஜமான ஜோடி வாசிப்புகளில், நான் சிபாரிசு செய்யும் வரிசை இது. முதலில் ரெஜினா கார்ட்டரும் கென்னி பேரனும் வாசித்த 'ஃப்ரீஃபால்', 2001. பதிவு சுத்தமாக இருக்கும், இரண்டு வாத்தியமும் சம பலத்தில் கேட்கும், புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. இரண்டாவது கிராப்பெல்லியும் மெக்காய் டைனரும் வாசித்த 'ஒன் ஆன் ஒன்', 1990-இல் பதிவானது. அப்போது கிராப்பெல்லிக்கு 80 வயதைத் தாண்டிவிட்டது, வில்லில் அது துளியும் தெரியாது. டைனரின் இடது கை கனமான கை, உங்கள் ஹெட்போன் சரியானதா என்பதற்கு இந்த ஆல்பமே பரீட்சை. மூன்றாவது ஜோ வெனூட்டியும் ஏர்ல் ஹைன்ஸும் வாசித்த 'ஹாட் சொனாட்டாஸ்', 1975. இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் விடாமல் சீண்டிக்கொண்டே வாசிப்பார்கள். பிறகு கிராப்பெல்லியும் மார்சியல் சொலாலும் வாசித்த 'ஹேப்பி ரீயூனியன்', 1980.

மார்க் ஃபெல்ட்மனும் சில்வி கூர்வாசியேயும் சேர்ந்து நிறைய பதிவு செய்திருக்கிறார்கள், இருவருமே பெரிய வாசிப்பாளர்கள், ஆனால் அங்கே தொடங்காதீர்கள். அதில் மெட்டும் தாளமும் அடிக்கடி கரைந்துபோகும். ஒருநாள் அதை ஸ்பீக்கரில் வைத்திருந்தபோது வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "சுருதி சேத்துக்கிட்டே இருக்காகளே, எப்ப வாசிக்க ஆரம்பிப்பாக?" என்று கேட்டார்கள். நான் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

5. விரலில் தாளம் போட்டுக் கேளுங்கள்

நமக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் ஒரு 'பார்' என்பது நாலு எண்ணிக்கை. இரண்டு பார் சேர்ந்தால் எட்டு, அதாவது ஒரு ஆதி தாள ஆவர்த்தனம். மிகவும் வழக்கமான அமைப்பு 32 பார்: எட்டு பாருக்கு ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி, அடுத்த எட்டு பார் வேறு மெட்டு, கடைசியில் முதல் மெட்டு. நம் கணக்கில் நாலு நாலு ஆவர்த்தனமாக நாலு துண்டு, மொத்தம் 16 ஆவர்த்தனம்.

'ஃப்ரீஃபால்' ஆல்பத்தின் முதல் உருப்படியான 'சாஃப்ட்லி ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' இந்த அமைப்பில் உள்ள பாட்டு. முன்னாலும் பின்னாலும் வாசிப்பவர்கள் கொஞ்சம் சேர்ப்பார்கள், மெட்டு தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள். மெட்டு ஒரு சுற்று முடிந்த பிறகு அதே 16 ஆவர்த்தனச் சட்டத்துக்குள் மனதில் தோன்றுவதை வாசிப்பார்கள், எத்தனை சுற்று என்பது அவர்கள் இஷ்டம், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். கல்பனை ஸ்வரம் கேட்ட காதுக்கு இது புதிதே இல்லை. அதே ஆல்பத்தில் ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் 'மிஸ்டீரியோசோ' இருக்கிறது, அது 12 பாரில் சுற்றி வரும் ப்ளூஸ் என்கிற அமைப்பு, ஆறு ஆவர்த்தனத்துக்கு ஒரு சுற்று. சட்டம் சிறியது என்பதால் எண்ணப் பழகுவதற்கு அதுதான் இன்னும் எளிது.

எச்சரிக்கை இரண்டு. சில உருப்படிகளில் ஆரம்பத்தில் ஆலாபனை மாதிரி தாளமில்லாமல் கொஞ்ச நேரம் போகும், அங்கே எண்ணத் தொடங்கினால் குழம்பிப் போவீர்கள், காத்திருங்கள். இன்னொன்று, நம் கை தானாக ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தும், ஸ்விங் என்கிற ஜாஸின் ஆடும் நடையில் அழுத்தம் இரண்டிலும் நாலிலும் விழும். சத்தமாகத் தொடையில் தட்டாமல் விரலை மட்டும் எண்ணினால் கொஞ்ச நாளில் அது தானாக உள்ளே இறங்கும்.

6. சுருதி நகரும் என்பதைக் காதுக்குப் பழக்குங்கள்

உண்மையான சிரமம் இங்கேதான். நமக்குத் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும், அதன்மேல்தான் எல்லாம். இங்கே தரை நகர்ந்துகொண்டே இருக்கும். வயலின் ஒரே சுரத்தில் அசையாமல் நின்றாலும் கீழே பியானோ நகர்ந்தால் அந்தச் சுரத்தின் ருசி மாறிவிடும்.

சொன்னால் புரியாது, வாசித்துப் பாருங்கள். போனில் இலவச பியானோ ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், வீட்டில் பிள்ளைகளின் கீபோர்டு இருந்தால் இன்னும் நல்லது. வலது கையால் நடு சி-யை (சி, ஏ, எஃப் எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்) அழுத்திக்கொண்டே இருங்கள். இடது கையால் கீழே முதலில் சி, அப்புறம் ஏ, அப்புறம் எஃப் என்று ஒவ்வொன்றாக, நிதானமாக அழுத்துங்கள். மேலே இருக்கும் சுரம் மாறவே இல்லை. ஆனால் சி-க்கு மேல் அது சட்ஜமம், ஏ-க்கு மேல் அதுவே சாதாரண காந்தாரம், எஃப்-க்கு மேல் பஞ்சமம். இரண்டாவதில் ஒரு சோகம் எட்டிப்பார்க்கும், மூன்றாவதில் அது தெளிந்துவிடும். இதை ஒரு பத்து நிமிடம் செய்துவிட்டு 'ஒன் ஆன் ஒன்'னில் நிதானமான உருப்படி ஒன்றை வைத்து, கிராப்பெல்லி ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும் இடங்களில் அவரை விட்டுவிட்டுக் கீழே டைனர் எங்கே போகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

வயலினில் கமகத்தைத் தேடாதீர்கள். இழைப்பு உண்டு, சறுக்கல் உண்டு, ஆனால் கமகம் சுரத்துக்குள் செய்கிற வேலையைப் பெரும்பாலும் இங்கே கீழிருந்து பியானோ செய்துவிடுகிறது. ஆகவே 'வயலின் ரொம்பத் தட்டையாக இருக்கிறதே' என்று தோன்றினால் ஹெட்போனைச் சோதியுங்கள்.

7. ஒரே உருப்படியை மூன்று முறை

ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்டு முடிப்பதைவிட ஒரே உருப்படியை மூன்று முறை கேட்பது மேல். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை பியானோவை மட்டும், முக்கியமாக வயலின் சோலோ வாசிக்கும்போது. மூன்றாவது முறை, பியானோ சோலோ எடுக்கும்போது வயலின் என்ன செய்கிறது என்று. வில்லை இறக்கிவிட்டு நிற்கலாம், விரலால் மீட்டலாம், நீளமாக ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஹைன்ஸிடம் ஒரு குறும்பு உண்டு: இடது கையின் தாளத்தைத் திடீரென்று வெட்டிவிட்டு, வலது கையால் எங்கெங்கோ சுற்றிவிட்டு, சரியான இடத்தில் வந்து இறங்குவார். எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்றால் அந்த இறக்கத்தில் உங்களுக்கே சிரிப்பு வரும், எண்ணாதவர்களுக்கு அது வெறும் வேகமாகத்தான் கேட்கும்.

வாரத்துக்கு இரண்டு உருப்படி என்று வைத்துக்கொண்டால் 'ஃப்ரீஃபால்' முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவசரமில்லை.

8. சிடி வரவழைப்பவர்களுக்கு

எல்லா ஆல்பமும் எல்லா ஆப்பிலும் கிடைக்காது, பழைய சிறு நிறுவனங்களின் பதிவுகள் இன்று இருக்கும், நாளை காணாது. சிடி வாங்கினால் அந்தக் கவலை இல்லை. தனி பிளேயர் தேவையில்லை, பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரே ஆடியோ சிடியை வாசிக்கும்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள். ஆதார், பான் இரண்டின் தெளிவான நகலையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டரில் கொடுக்கும் பெயர் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், இனிஷியல் முன்னால் பின்னால் மாறினால்கூட பார்சல் சுங்கத்தில் நிற்கலாம். விற்பவரிடம் பில்லைப் பார்சலின் வெளியே ஒட்டச் சொல்லுங்கள். தபால் செலவு பல நேரம் சிடியின் விலையைத் தாண்டும், அதன்மேல் சுங்கவரி, ஆகவே ஒன்று ஒன்றாக வாங்காமல் மூன்று நான்காகச் சேர்த்து வாங்குங்கள். இரண்டு வாரத்திலும் வரலாம், ஒன்றரை மாதமும் ஆகலாம்.

'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்கில் 49 ரூபாய் கட்டவும்' என்கிற மாதிரி எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள். மோசடிக்காரர்கள் இப்படித்தான் அனுப்புகிறார்கள், நிஜமாகவே ஒரு பார்சலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கை தானாக லிங்கில் போய்விடும். கூரியர் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து, டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு மட்டும் காசு கட்டுங்கள்.

9. நேரில் கேட்கக் கிளம்பினால்

நம் பக்கம் இது நடக்காது, சென்னைக்குத்தான் போக வேண்டும். பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் அவ்வப்போது பாருங்கள், ஐரோப்பியக் கலைஞர்கள் வரும்போது அங்கே வாசிப்பதுண்டு. உலக ஜாஸ் தினமான ஏப்ரல் 30-ஐ ஒட்டியும் ஏதாவது இருக்கும். இடத்துக்கு முன்பதிவு செய்யச் சொன்னால் அன்றே செய்துவிடுங்கள்.

மேடையைப் பார்த்தபடி இடது பக்கம் உட்காருங்கள். பியானோவைப் பெரும்பாலும் கட்டைகள் அந்தப் பக்கம் தெரியும்படிதான் போடுவார்கள், இடது கையைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மதியத்துக்குச் சென்னை, அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். திரும்புவதுதான் தொல்லை: பல்லவன் மாலை நாலு மணி வாக்கிலேயே சென்னையை விட்டுக் கிளம்பிவிடும், கச்சேரி முடிய இரவு ஒன்பது ஆகும். பேருந்து என்றால் கிளாம்பாக்கம் போக வேண்டும், நகருக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொண்டு, பதினொன்றுக்கு மேல் புறப்படுகிற வண்டியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.